கட்டம் சரியில்லை

1986 வைகாசியில் எனக்குக் கல்யாணம். ஜோசியர் இரண்டு ஜாதகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்துவிட்டு, பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார். அது பெண்ணுக்கும் எனக்கும். அன்று சாயங்காலம் ரிசப்ஷன் மேடையில் நான் மாட்டிக்கொண்டு நின்ற கோட்டுக்கும் சட்டைக்கும் டைக்கும் ஷூவுக்கும் எத்தனை பொருத்தம் என்று எந்த ஜோசியரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கல்யாணமே நின்றிருக்கும்.

அத்தாட்சி ஆல்பத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் காபிக்கு அடுத்தபடியாக என் மனைவி அதைத்தான் எடுத்து வருகிறாள். வருகிறவர்களும் முதல் பத்துப் பக்கம் தாலி, மாலை, மணவறை என்று மரியாதையாகப் புரட்டுவார்கள். பதினோராவது பக்கத்தில் கை நின்றுவிடும். "இது... சாரா?" என்பார்கள்.

நான்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் கடலூர்ப் பக்கத்தில் முகூர்த்தத்துக்குப் பட்டுவேட்டி, ரிசப்ஷனுக்குக் கோட்டு. இதை யார் விதித்தார்கள் என்று தெரியாது. மனுவும் சொல்லவில்லை, மாமனாரும் சொல்லவில்லை. ஆனால் கோட்டுப் போடாத மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமில்லை என்று பொருள். அக்கினி நட்சத்திரம் அப்போதுதான் முடிந்திருந்தது. வெயிலுக்கு அந்தத் தேதி தெரியவில்லை.

ஜவுளிக்கடையில் ஒரு துணியை எடுத்து மேசைமேல் சரசரவென்று உருட்டிவிட்டார்கள். காப்பிக்கொட்டை நிறம். அதில் உள்ளங்கை அகலத்துக்குக் கடுகு மஞ்சள் கட்டம். கட்டத்துக்கு நடுவே ஒரு சிவப்பு இழை. "டெரிவுல் சார். கசங்காது, சுருங்காது, சாயம் போகாது" என்றார் கடைக்காரர். மூன்றும் உண்மை. இத்தனை வருஷத்தில் அது எதுவுமே ஆகவில்லை. ஆகித் தொலைந்திருக்கலாம்.

கோட்டுக்கு மட்டும்தான் காசு இருந்தது. பேண்ட் ஏற்கெனவே ஒன்று இருந்தது: சாம்பல் நிறத்தில் பொடிக் கட்டம். கட்டத்துக்குக் கட்டம் சேரும் என்பது என் கணக்கு. சட்டை நீலக்கோடு போட்டது. கோடு ஆளை உயரமாகக் காட்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். டை, மெட்ராஸில் என்னோடு அறையில் தங்கியிருந்த மெடிக்கல் ரெப் கொடுத்தது. மெரூன் நிறத்தில் மாங்காய் மாங்காயாக இருக்கும். அதே துணியில் ஒரு கைக்குட்டையும் டப்பாவிலேயே உண்டு. முடிச்சோடு கொடுத்து, "அவுத்துடாதே, அப்புறம் ஆண்டவனாலயும் போட முடியாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். தூக்குக் கயிறு மாதிரி தலை வழியாக மாட்டி இழுத்துக்கொண்டேன். நுனி தொப்புளுக்கு நாலு விரல் மேலே நின்றது.

ஷூ, வனத்துறையில் இருந்த சித்தப்பாவுடையது. நல்ல பழுப்பு நிறம். மாப்பிள்ளைக்குக் கறுப்பு ஷூதான் லட்சணம் என்று என் அத்தான் தீர்ப்புச் சொல்ல, மண்டபத்துப் பின்கட்டில் உட்கார்ந்து அதன்மேல் ஒரு டப்பா கறுப்பு பாலிஷைக் காலி செய்தோம். ஷூ கறுக்கவில்லை. பழுப்பாகவும் இல்லை. கத்தரிக்காய் வாடினால் ஒரு நிறம் வருமே, அது வந்தது.

ஆகக் கட்டக் கோட்டு, பொடிக்கட்டப் பேண்ட், கோடு போட்ட சட்டை, மாங்காய் டை, மாங்காய்க் கைக்குட்டை, கத்தரிக்காய் ஷூ. போட்டோக்காரர் வேறு, "மாப்ளே, பட்டன் எல்லாத்தையும் போடுங்க" என்று கத்தினார். மூன்றையும் போட்டேன். வயிற்றை எக்கிக்கொண்டு, வேர்வை காதோரம் இறங்க, நான் சிரித்த அந்தச் சிரிப்பும் படத்தில் இருக்கிறது.

மேடைக்கு வந்த அத்தனை பேரும் கோட்டைப் புகழ்ந்தார்கள். "ஃபாரின் துணியா?" என்று கேட்ட பெரியப்பாவுக்கு நான் இல்லை என்று சொல்லவில்லை.

கடைசியாக அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை. டையைப் பார்க்கவில்லை, ஷூவைப் பார்க்கவில்லை. குனிந்து என் கோட்டின் வலது பாக்கெட்டைப் பார்த்தார். ஆள்காட்டி விரலை மஞ்சள் கோட்டின்மேல் வைத்து, மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தார். பாக்கெட் மூடி தொடங்குகிற இடத்தில் விரல் நின்றது. மேலே வந்த கோடு ஒரு பக்கம். மூடியில் இருந்த கோடு அரை அங்குலம் தள்ளி இன்னொரு பக்கம்.

"ஏந் தம்பி, கட்டம் ஒடஞ்சு கெடக்கே?"

"அதெல்லாம் யாருப்பா பாக்கப் போறா?"

"தையக்காரன் துணிய மிச்சம் புடிச்சிருக்கான்" என்றார். விபூதி பூசிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்த வருஷத் தீபாவளிக்குத் தையற்காரரின் சின்னப் பையன் காப்பிக்கொட்டை நிறத்தில், கடுகு மஞ்சள் கட்டம் போட்ட டிராயரோடு தெருவில் வெடி வெடித்துக்கொண்டிருந்தான்.

*

அப்பா கைலி நெசவாளி. குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கூடத்தில் பாதியைக் குழித்தறி அடைத்துக்கொண்டிருக்கும்; மிச்சப் பாதியில் நாங்கள். விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்குத் தார் சுற்றுகிற வேலை, அதாவது நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றுவது.

கட்டம் போடுவதில் ஒரு சங்கதி உண்டு. நெடுக்குக் கோடு பாவிலேயே வந்துவிடும். அது முன்னமே எண்ணிக் கட்டியது. குறுக்குக் கோடுதான் நெசவாளியின் கையில். சிவப்பு நாடாவில் இத்தனை இழை, பிறகு அதை வைத்துவிட்டு வெள்ளை நாடாவில் இத்தனை இழை என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே நெய்ய வேண்டும். பத்து இழை கூடினால் கட்டம் நீண்டுவிடும், குறைந்தால் சப்பையாகிவிடும். அப்பா தறியில் உட்கார்ந்துவிட்டால் உதடு மட்டும் அசையும். அப்போது யாரும் அவரிடம் பேசக் கூடாது. ஒருமுறை நான் ரேங்க் கார்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டதில் எண்ணிக்கை தவறிவிட்டது. மார்க்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எண்ணிக்கைக்காகத் திட்டினார். முதலாளி வீட்டில் கைலியை விரித்துப் பார்ப்பார்கள். கட்டம் கோணலாக இருந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள்.

நிறத்துக்கும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. "செவப்பும் பச்சையும் ஒட்டி ஒக்காந்தா சண்ட போடும். நடுவுல நாலு வெள்ள எழ ஓட்டு, ரெண்டும் நல்ல பிள்ளையா இருக்கும்."

நான் இதையெல்லாம் கேட்டேனா? கல்லூரிக்குப் போன நாள் முதல் கட்டம் என்றாலே எனக்குக் கூச்சம். ஹாஸ்டலில் எல்லாரும் கைலிதான் கட்டினார்கள்; நான் மட்டும் பைஜாமா. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை என்று கட்டமே காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒரு பயம். மெட்ராஸில் வேலை கிடைத்து, கம்பெனிக்கு டெரிகாட்டன் சட்டையும் பேண்டுமாகப் போன முதல் நாள், தறிக்குழியிலிருந்து ஒரேயடியாக ஏறி வந்துவிட்டதாக நினைத்தேன். அப்படி ஏறி வந்தவன் கல்யாணத்துக்கு எடுத்தது உள்ளங்கை அகலக் கட்டம். ரத்தத்தில் இருந்ததோ என்னவோ.

*

இப்போது என் மகன் நியூஜெர்ஸியில் இருக்கிறான். போன ஜூலையில் நாங்கள் அங்கே போயிருந்தபோது அவன் நண்பனுக்குக் கல்யாணம், ஒரு தோட்டத்தில். எங்களுக்கும் அழைப்பு.

"ப்பா, உங்களுக்கு ஒரு ஸ்போர்ட் கோட் எடுக்கணும்."

"நான் என்னடா விளையாடப் போறேன்?"

விளையாட்டுக்குத்தானாம் அது பிறந்தது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பண்ணை வீட்டுத் துரைமார்கள் காட்டில் பறவை சுடப் போகும்போது போட்ட முரட்டுக் கம்பளிக் கோட்டு, கையைத் தூக்கித் துப்பாக்கி பிடிக்க வாட்டமாக முதுகில் மடிப்பு வைத்தது, மெல்ல மெல்ல ஊருக்குள் வந்துவிட்டது. சூட் என்றால் கோட்டும் பேண்டும் ஒரே துணி. பிளேசர் என்றால் ஒரே நிறம், பெரும்பாலும் உலோகப் பட்டன். ஸ்போர்ட் கோட் என்றால் துணியில் கட்டமோ மீன்முள்ளோ ஏதாவது ஓடும். பேண்ட் வேறு துணி. பறவையே இல்லாத வரவேற்பறைகளில் இன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு கையில் ஜூஸ் டம்ளரோடு நிற்கிறார்கள்.

கடையில் ஓர் இளைஞர் எனக்கென்றே ஒதுக்கப்பட்டார். அளவு நாடா கழுத்தில் மாலையாகக் கிடந்தது. அவர் என்னை உட்கார வைத்துப் பொருத்தம் பார்த்த அழகில் எங்கள் ஜோசியர் தோற்றார்.

கோட்டில் பெரிய கட்டமா, சட்டை வெற்றாக இருக்க வேண்டும். வெள்ளை, இல்லையென்றால் இளநீலம். சட்டையிலும் கோடு வேண்டும் என்று அடம்பிடித்தால் அது மயிரிழையாக இருக்கட்டும். ஒரே அளவுள்ள இரண்டு கட்டங்கள் ஓர் உடம்பில் குடியிருக்கக் கூடாது. ஒன்று பெரிசு, ஒன்று பொடிசு. டை சட்டையைவிட அடர்ந்த நிறம். கோட்டின் கட்டத்தில் ஓரமாக ஒரு நிறம் ஒளிந்திருக்குமே, அதை எடுத்து டைக்குக் கொடுத்தால் இரண்டும் உறவாகிவிடும். டையின் நுனி பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும். மார்புப் பாக்கெட் கைக்குட்டை டையோடு ஒத்துப்போகலாம், ஆனால் அதே துணியாக இருக்கவே கூடாது. டப்பாவில் ஜோடியாக வருவதை வாங்காதீர்கள். பேண்ட் வெற்று. கோட்டில் கடைசிப் பட்டனைப் போடக் கூடாது. ஏழாம் எட்வர்ட் மன்னர் வயிறு பெருத்துப் போடாமல் விட்டதில் ஊரே விட்டுவிட்டது என்று ஒரு கதை.

நான் தலையை ஆட்டிக்கொண்டே ஆல்பத்தின் பதினோராவது பக்கத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றிரண்டைத் தவிர எல்லா விதியையும் மீறியிருந்தேன். தற்செயலாகச் செய்தால் இவ்வளவு கச்சிதமாக வராது.

"ஷூ?" என்று கேட்டேன்.

"பழுப்புதான் சார். கட்டக் கோட்டுக்குக் கறுப்பு ஒட்டாது."

அன்றைக்கு என்னிடம் இருந்த ஒரே சரியான பொருள் சித்தப்பாவின் ஷூ. அதைத்தான் ஒரு டப்பா பாலிஷ் போட்டு அழித்தோம்.

அதன் பிறகு அந்த இளைஞர் உள்ளே போய் ஒரு கோட்டைத் தோளோடு தோள் பிடித்துக்கொண்டு வந்தார். குழந்தையைத் தூக்கி வருகிற பதனம். "கோடைக்கென்றே வந்தது சார். இது மேட்ரஸ்" என்றார். மெத்தை விற்கிறாரோ என்று நினைத்தேன். மகன் காதோரம், "மெட்ராஸைத்தான் அப்படிச் சொல்றாங்க" என்றான்.

சிவப்பு, நீலம், மஞ்சள், நடுவே வெள்ளை இழை. பருத்தி. கைலி.

நான் கைலி என்று சொன்னதை இளைஞர் இத்தாலியத் தையற்காரர் யாருடைய பெயரோ என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையசைத்தார். உள்ளே இருந்த சீட்டில் இந்தியாவில் கையால் நெய்தது என்று எழுதியிருந்தது. விலைச் சீட்டைப் பார்த்தேன். அந்தப் பணத்துக்கு அப்பா ஒரு வருஷம் நெய்திருப்பார்.

*

மெட்ராஸின் பெயரை 1996இல் சென்னை என்று மாற்றிவிட்டோம். துணிக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. அது உலகம் பூராவும் மெட்ராஸாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய கட்டத் துணியை மலாய்க்காரர்கள் இன்றும் கைன் பெலிக்காட் என்கிறார்கள். பெலிக்காட் என்பது பழவேற்காடுதான். நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் கலபாரி மக்கள் அதை இஞ்சிரி என்று அழைத்து நல்லது கெட்டது இரண்டிலும் வைத்திருக்கிறார்கள். புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்த எலிஹு யேல், 1718இல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு 417 புத்தகங்களும் 9 பொதி சரக்கும் அனுப்பிவைத்தார். சரக்கை விற்ற பணத்தில் கட்டடம் எழும்பியது. கல்லூரி அவர் பெயரை வைத்துக்கொண்டது. 1960களில் அந்தப் பல்கலைக்கழகத்துப் பையன்கள் கோடை வந்தால் மெட்ராஸ் கட்டத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அதே சமயத்தில் இங்கே நான் தார் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சாயத்தின் கதை இன்னும் ரசமானது. 1958 வாக்கில் கிருஷ்ணன் நாயர், பின்னாளில் லீலா ஓட்டல்களைக் கட்டினாரே அவர்தான், ஓர் அமெரிக்க வியாபாரிக்கு இந்தத் துணியை விற்றாராம். குளிர்ந்த தண்ணீரில் பதமாக அலசுங்கள், சாயம் இறங்கும் என்று சொல்லித்தான் கொடுத்தாராம். அந்தப் பேச்சு கடல் தாண்டிக் கடைக்குப் போய்ச் சேரவில்லை. வாங்கியவர்கள் வெளுத்துப் பார்த்தால் சிவப்பு மஞ்சளுக்குள், நீலம் வெள்ளைக்குள். வழக்கு வரைக்கும் பேச்சு வந்து, கடைசியில் ஒருவருக்குப் புத்தி தோன்றியிருக்கிறது: இது குறையில்லை, குணம் என்று விளம்பரம் செய்தார்கள். சாயம் போவதற்கு உத்தரவாதம்! அப்புறம் சாயம் போகாத துணியை எவரும் தொடவில்லையாம். எங்கள் தெருவில் சாயம் போனால் கூலி போகும். இடத்துக்கு இடம் பொருத்தம் மாறுகிறது.

இன்னொன்று. 1985இல் கைத்தறிக்கென்றே சில ரகங்களை ஒதுக்கி மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பின்னால் சுருங்கி 11 ரகமாக நிற்கிற அந்தப் பட்டியலில் லுங்கி இருக்கிறது. அதே பட்டியலில் கம்பளி ட்வீடும் இருக்கிறது. துரைமார் பறவை சுடப் போட்ட துணி. ஸ்காட்லாந்திலும் ஹாரிஸ் ட்வீடுக்கு 1993இல் ஒரு சட்டம் உண்டு: மேற்குத் தீவுகளில் நெசவாளி தன் வீட்டிலேயே நெய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெயர் கிடையாது. அங்கேயும் வீட்டில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும் போலிருக்கிறது. அங்கேயும் ஒரு பையன் ரேங்க் கார்டை நீட்டி எண்ணிக்கையைக் கெடுத்திருப்பான்.

*

கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். இளநீலச் சட்டை, அடர்நீல டை, மணல் நிறப் பேண்ட், பழுப்பு ஷூ. கடைசிப் பட்டன் திறந்தே இருந்தது. இளைஞர் இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கட்டம் சத்தம் போடுகிறது இல்லையா, மற்றதெல்லாம் அமைதியாக இருந்தால்தான் அழகு" என்றார்.

நாலு வெள்ளை இழை ஓட்டு என்பதைத்தான் இவர் இங்கிலீஷில் சொல்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

என் ஆள்காட்டி விரல் தானாகப் போனது. சிவப்புக் கோட்டின்மேல் வைத்து மேலிருந்து கீழே இழுத்தேன். பாக்கெட் மூடி வந்தது. கோடு நிற்கவில்லை, மூடியின்மேல் ஏறி, இறங்கி, விளிம்பு வரைக்கும் நேராகப் போயிற்று. இடது பாக்கெட்டும் அப்படியே. மார்புப் பாக்கெட்டில் தையல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"என்னப்பா தேடறீங்க?" என்றான் மகன்.

"ஒண்ணுமில்ல. எடுத்துக்கலாம்" என்றேன்.

தோட்டக் கல்யாணத்தில் கோட்டுக்கு நல்ல மரியாதை. ஒருவர் வந்து, "அசல் மெட்ராஸா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். கோட்டைக் கேட்டாரா என்னைக் கேட்டாரா என்று தெளிவில்லை. புதுப் படத்தை ஆல்பத்தில் பன்னிரண்டாவது பக்கமாகச் சேர்த்திருக்கிறாள் மனைவி. விருந்தாளிகள் அதையும் பார்த்துவிட்டுப் பதினோராவது பக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

ஊர் திரும்பியதும் கோட்டை எடுத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடிப் பக்கம் போனேன். அப்பா போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. எங்கள் தெருவில் ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம் கேட்கும். இப்போது நாலைந்து வீட்டில் கேட்கிறது. அதில் ஒன்று என் சித்தப்பா மகனுடையது. கோட்டின் விலையை அவனிடம் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

துணியை விரலால் நிரடிப் பார்த்தான். இழையை எண்ணினான். பிறகு, நான் எதுவும் சொல்லாமலே, விரலைப் பாக்கெட்டின்மேல் கொண்டுபோனான்.

"தையக்காரன் நல்லவன்ணே" என்றான்.

"இதுக்கு எவ்வளவு துணி ஆகும்?"

கோட்டைத் தரையில் விரித்து முழம் போட்டுப் பார்த்தான். "ரெண்டு கைலி போதும். கட்டம் சேக்கணும்னா மூணு."

கட்டம் போட்ட துணியில் கோட்டுத் தைக்கக் கொடுக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் இவ்வளவுதான். சட்டை, டை, ஷூ எல்லாவற்றையும் எங்கேயாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். துணியை மட்டும் அரை மீட்டர் கூட எடுத்துக் கொடுங்கள். தைத்து வாங்கும்போது விரலை வைத்துப் பாருங்கள். கட்டம் உடைந்திருந்தால், தையற்காரருக்குச் சின்னப் பையன் இருக்கிறானா என்று விசாரியுங்கள்.